82 வானியல் அலகு: 'ஸ்டார் ட்ரெக்' முதல் படத்தின் பலமும் பிழையும்

1966 முதல் 1969 வரை தொலைக்காட்சித் தொடராக ஓடிய 'ஸ்டார் ட்ரெக்', 1979 டிசெம்பரில் முதன்முறையாகத் திரைப்படமானது. 'ஸ்டார் ட்ரெக்: த மோஷன் பிக்சர்' என்று பெயர். இயக்கியவர் ராபர்ட் வைஸ். விஞ்ஞான ஆலோசகர்களில் ஒருவர் ஐசக் அசிமோவ். இலங்கையில் முதல் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியதும் அதே ஆண்டுதான், அதுவும் கொழும்பை அண்டிய பகுதிக்கு மட்டும். ஆகவே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்தப் படத்தைப் பார்த்தவர்களில் அநேகர் பின்னாளில் வீட்டுத் திரையில்தான் பார்த்திருப்பார்கள். பெரிய திரைக்காக எடுத்த படத்தைச் சிறிய திரையில் பார்ப்பதால் சில நல்ல விஷயங்கள் தவறிப்போகின்றன. ஒரு பெரிய பிழையும் கண்ணில் படாமல் போகிறது.

கதை சிறியது. மேகம் போன்ற ஏதோ ஒன்று வழியில் உள்ளதையெல்லாம் அழித்துக்கொண்டு பூமியை நோக்கி வருகிறது. மூன்று நாட்களுக்குள் வந்துவிடும். தொடரின் நாயகர்கள் பயணிக்கும் 'என்டர்பிரைஸ்' விண்கப்பல் அதை எதிர்கொள்ளப் போகிறது. மேகத்தின் நடுவில் இருப்பது மனிதர் அனுப்பிய பழைய விண்கலமான வோயேஜர் 6. இந்த ஆறாவது வோயேஜர் கற்பனை. நிஜத்தில் போனவை இரண்டே.

படத்தின் பலத்தைக் கப்பலிலிருந்து தொடங்கலாம். தொடருக்காகச் செய்த கப்பல் மாதிரி 11 அடி நீளம். படத்துக்குச் செய்தது 8 அடிதான். ஆனாலும் படத்தில்தான் கப்பல் பிரமாண்டமாகத் தெரிகிறது. காரணம் கமராவைக் கையாண்ட விதம்.

கதைப்படி கப்பலின் நீளம் 305 மீற்றர். அந்த அளவுள்ள பொருளைத் தூரத்திலிருந்து பார்த்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தெளிவில் தெரியும். 8 அடி மாதிரியைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுத்தால் மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் விழும். அந்த மங்கலைக் கண்டதும் இது பொம்மை என்று கண் தீர்மானித்துவிடும். இதைத் தவிர்க்கக் கமரா வில்லையின் துவாரத்தை நன்றாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது, எனவே ஒவ்வொரு சட்டகத்தையும் நீண்ட நேரம் திறந்துவைத்துப் பதிய வேண்டும். கமரா தண்டவாளத்தில் கணினியின் கட்டுப்பாட்டில் மெல்ல நகரும். கப்பலின் மேற்பரப்புக்கு ஒரு ஓட்டம், சன்னல் விளக்குகளுக்கு ஒரு ஓட்டம், பின்னால் நட்சத்திரங்களை மறைக்கும் நிழல் வடிவத்துக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் பிறகு ஒரே படச்சுருளில் சேர்ப்பார்கள். ஒரு ஓட்டம் மயிரிழை விலகினாலும் சன்னல்கள் சுவரை விட்டு மிதக்கும், கப்பலின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழும்.

அடுத்தது ஒளி. தொடரில் கப்பலுக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக வெளிச்சம் அடித்தார்கள். சூரியனிலிருந்து தொலைவில் அப்படி வெளிச்சம் கொடுக்க எதுவும் இல்லை. படத்தின் காட்சி விளைவுகளைச் செய்த டக்ளஸ் ட்ரம்புல்லின் குழு, கப்பலின் சொந்த விளக்குகளே அதன் உடலில் விழுவதாகக் காட்டியது. பெயர் எழுதிய இடத்தில் ஒரு வட்டம், கழுத்தில் ஒரு கீற்று, மீதி இருட்டு. கப்பல் தளத்தில் நிற்கும் அந்த நீண்ட காட்சியை இழுவை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது படத்தின் சிறந்த பகுதி. விண்ணுடையணிந்த சிறு மனித உருவம் ஒன்று கப்பலின் ஓரத்தில் மிதக்கும்போதுதான் 305 மீற்றர் என்றால் என்னவென்று புரிகிறது.

அளவை இவ்வளவு கவனமாகக் காட்டிய படம், அளவைச் சொல்லும்போது சறுக்குகிறது. மேகத்தின் விட்டம் 82 வானியல் அலகுக்கு மேல் என்று ஒரு வசனம் வருகிறது. ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம், சுமார் 15 கோடி கிலோமீற்றர்.

இதை மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் மாணவர்களைக் கொண்டு அளந்து பார்க்கலாம். விளையாட்டுப் போட்டிக்குப் பயன்படும் அளவு நாடாவும் சில தடிகளும் போதும். ஒரு வானியல் அலகுக்கு ஒரு மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 9 மில்லிமீற்றர்: ஒரு கச்சான் பருப்பு. பூமி 1 மீற்றரில், வியாழன் 5.2 மீற்றரில், சனி 9.6 மீற்றரில், நெப்டியூன் 30 மீற்றரில். மேகத்தைக் குறிக்கும்போது பலர் சூரியனிலிருந்து 82 மீற்றர் அளந்துவிடுவார்கள். அது தவறு. 82 என்பது விட்டம், எனவே சூரியனுக்கு இருபுறமும் 41 மீற்றர். நெப்டியூன் உட்பட எல்லாக் கோள்களும் மேகத்துக்குள் அடங்கிவிடும். இந்த அளவில் ஒளி செக்கனுக்கு 2 மில்லிமீற்றர்தான் நகரும். மேகத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 11 மணி 22 நிமிடம். சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள நட்சத்திரமான புரொக்சிமா சென்டோரிக்கு நேர்கோட்டில் 268 கிலோமீற்றர் அளக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கொழும்புப் பக்கம் இழுத்தால் நகரைத் தாண்டிக் கடலுக்குள் போய்விடும்.

ஒளியை மிஞ்சும் தொடர்பு இந்தக் கதையுலகில் உண்டு என்பதால் நேரக் கணக்கை விட்டுவிடலாம். திணிவை விட முடியாது. மேகத்தின் அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும், 41 வானியல் அலகு ஆரையுள்ள கோளத்தின் திணிவு சுமார் 580 சூரியன்களுக்குச் சமம். அது பூமியை எட்டுமுன்பே கோள்களின் பாதைகள் குலைந்திருக்கும். அது வாயு அல்ல, சக்திப் புலம் என்று வாதிடலாம். சக்திக்கும் அதற்கு ஈடான திணிவு உண்டு, அதுவும் ஈர்க்கும். 2001இல் வைஸ் திருத்திய பதிப்பில் 82 என்பது 2 ஆனது. வசனத்திலிருந்து 'எண்பது' என்ற ஒரு சொல்லை வெட்டியதோடு சரி. ஆரை 41 மடங்கு குறைந்தால் கனவளவு ஏறத்தாழ 69,000 மடங்கு குறையும். அதே அடர்த்தியில் இப்போது திணிவு வியாழனைப் போல 9 மடங்குதான். ஈர்ப்புப் பிரச்சினை முற்றாகத் தீரவில்லை, ஆனால் கதை நம்பக்கூடிய எல்லைக்குள் வந்துவிட்டது.

விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்பது போன்ற பிழைகள் எல்லாப் படத்திலும் உண்டு. இதில் உறுத்துவது கதையின் நீளம். புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் முதல் அத்தியாயத்துக்காக எழுதிய கதை இது. தொடரில் பணமில்லாததால் வெளிக்காட்சி குறைவு, கப்பலின் கட்டளை அறையில் நடக்கும் வாக்குவாதமே கதையை நகர்த்தும். படத்தில் காட்சிக்குப் பணம் வந்தது, பாத்திரங்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். காட்சி விளைவு வேலை முதலில் ஏற்ற நிறுவனத்திடமிருந்து இடையில் கைமாறியது, வெளியீட்டுத் திகதியோ மாறவில்லை. ஒட்டி முடித்ததை மறுபடி பார்த்துச் சுருக்க வைஸுக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

ஆனால் கதையின் மையக் கருத்து வலுவானது: தொலைதூரக் கலம் சேகரித்ததை அனுப்ப முடியாமல் தவிப்பது. 2023 நவம்பரில் நிஜ வோயேஜர் 1 அர்த்தமில்லாத தரவை அனுப்பத் தொடங்கியது. தரவைப் பொதிசெய்யும் கணினியில் ஒரு நினைவகச் சில்லு பழுது. கலம் 2,400 கோடி கிலோமீற்றருக்கு அப்பால். ஒரு கட்டளை போய்ச்சேர 22.5 மணி நேரம், பதில் வர இன்னும் அவ்வளவு. பழுதான பகுதியிலிருந்த நிரலைத் துண்டுதுண்டாகப் பிரித்து வேறு இடங்களில் வைத்து, 2024 ஏப்ரலில் அதை மீண்டும் பேசவைத்தார்கள். படத்தில் கலம் தன் அன்ரெனா இணைப்பைத் தானே எரித்துவிடுகிறது, மனிதர் நேரில் வந்து குறியீட்டைக் கையால் கொடுக்க வேண்டுமென்பதற்காக. கல்லடி மணலில் வோயேஜர் 1 நிற்கும் இடம், மேகத்தின் விளிம்பையும் தாண்டி, 160 மீற்றருக்கு மேல்.

வீட்டில் பார்ப்பவர்கள் 2001இன் பதிப்பையோ, அதை 2022இல் உயர்தரமாக்கி வெளியிட்டதையோ தேர்ந்தெடுங்கள். படத்தின் அகலம் உயரத்தைவிட 2.35 மடங்கு. 43 அங்குலத் திரையின் உயரம் சுமார் 53 சென்ரிமீற்றர். அதில் படம் 40 சென்ரிமீற்றர்தான் பிடிக்கும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். அதை நிரப்ப ரிமோட்டில் பெரிதாக்கினால் அகலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு வெட்டுப்படும், கப்பலின் மூக்கோ வாலோ போய்விடும். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அமைப்பில் நிறுத்திவிடுங்கள். செக்கனுக்கு 24 சட்டகமாக எடுத்த படத்துக்கு நடுவே தொலைக்காட்சி தானாகச் சட்டகங்களைச் செருகும்போது, 305 மீற்றர் கப்பல் மறுபடியும் 8 அடி பொம்மையாகத் தெரியும்.