பின்னால் ஆள் ஏற்றினால் ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் பலம் கூடாது

லோடைத் தூக்கும்போது பின்சக்கரம் லேசாக எழும்புகிறது. உடனே ஒரு குரல்: "ரெண்டு பேர் பின்னால ஏறுங்கப்பா!" ஹெல்பர்கள் கவுண்டர் வெயிட் (முன்னால் தூக்கும் சுமையைச் சமன்செய்ய வண்டியின் பின்னால் உள்ள எடை) மேல் ஏறிக்கொள்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் குடோனுக்குக் குடோன் இதே கூத்து. முன்னால் லோடு சரிந்தால் அவர்கள் நிற்கும் பக்கம் தடாலென்று தரையில் இறங்கும். ஆள் எந்தப் பக்கம் விழுவார், சக்கரம் எந்தப் பக்கம் நகரும் என்று யாரால் சொல்ல முடியும்?

இதற்கெல்லாம் மூலம் "3 டன் வண்டி, 3 டன் தூக்கும்" என்கிற நினைப்பு. வண்டியின் திறனைச் சொல்லும் பிளேட்டில் 3,000 கிலோவுக்குப் பக்கத்திலேயே 500 மி.மீ. என்றும் போட்டிருக்கும். அதுதான் லோடு சென்டர்: ஃபோர்க்கின் (சுமையைத் தாங்கும் L வடிவ இரும்புக் கரங்கள்) நிமிர்ந்த முகத்திலிருந்து சுமையின் எடைமையம் வரை உள்ள தூரம். எடை சமமாகப் பரவிய ஒரு மீட்டர் பேலட்டுக்கு (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) அது பொருந்தும். 1.6 மீட்டர் பெட்டியை நெடுக்காகத் தூக்கினால் மையம் 800 மி.மீ.க்குப் போய்விடும். முன் அச்சுக்கும் ஃபோர்க் முகத்துக்கும் இடையே 480 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 3,000 × (500 + 480) ÷ (800 + 480). ஏறத்தாழ 2,300 கிலோதான். பெட்டிக்குள் மோட்டார் வெளிக்கோடியில் இருந்தால் அதுவும் கிடையாது. உயரம் கூடக் கூட இன்னும் குறையும். ஃபோர்க் பக்கம் அட்டாச்மென்ட் (கூடுதல் கருவி) மாட்டினாலும் குறையும். (இது புரிவதற்கான கணக்கு. உங்கள் வண்டிக்கு அதன் பிளேட்தான் பேசும். பெயின்ட் அடித்து அதையும் மறைத்திருந்தால் டீலரிடம் புதுசு கேட்டு வாங்குங்கள்.)

ஃபோர்க்லிஃப்ட்டைத் திருப்புவது பின்சக்கரம். அது தரையை விட்டால் ஸ்டீயரிங் வெறும் அலங்காரம். லோடை இறக்குங்கள், பெரிய வண்டி வரட்டும்.

ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15 செ.மீ., மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த சட்டம்) கொஞ்சம் பின்சாய்வு. லோடு பார்வையை மறைத்தால் ரிவர்ஸில் போங்கள். ரேம்ப்பில் லோடு எப்போதும் மேட்டுப் பக்கம்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸ். காலி வண்டிக்கு இது தலைகீழ். காலி வண்டிக்கு இது தலைகீழ்.

ஃபோர்க்கின் வளைவுப் பகுதியை மாதம் ஒருமுறை காலிப்பர் (கனம் அளக்கும் கருவி) வைத்து அளந்து பாருங்கள். 40 மி.மீ. கனம் 36 ஆகிவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். வெல்டிங் வைத்து ஒப்பேற்றாதீர்கள்.

சீட் பெல்ட்டைத் தயவுசெய்து போடுங்கள். வண்டி பக்கவாட்டில் சாயும்போது குதிக்கத்தான் மனம் சொல்லும். குதித்தவர் மேல்தான் ஓவர்ஹெட் கார்டு (டிரைவர் தலைக்கு மேல் உள்ள இரும்புக் கூரை) விழும். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம் உடலைச் சாயுங்கள்.

நிறுத்தினால் ஃபோர்க்கைத் தரையில் வையுங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சாவி உங்கள் பையில். சாவியைத் தொங்கவிட்டு டீ குடிக்கப் போனால், "சும்மா ரெண்டடி நகர்த்தினேன் சார்" என்று வந்து நிற்க ஒரு ஹெல்பர் எப்போதும் இருப்பார்.