வயலின் பெட்டியை மூடி வைப்பதற்கு முன்

"இவனுக்கு ஆர்வமே போயிடுச்சு டீச்சர். இந்த மாசத்தோட நிறுத்திக்கலாமா?"

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் வயலின் சொல்லிக்கொடுக்கும் எனக்கு வருஷத்தில் பல தடவை வரும் கேள்வி இது. நான் உடனே சரி என்பதில்லை. "ஒரே ஒரு தடவை வயலினோட கூட்டிட்டு வாங்கக்கா, பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்பேன்.

அப்படித்தான் பாம்பனிலிருந்து ஓர் அம்மா எட்டாம் வகுப்பு மகனைக் கூட்டி வந்தார். அவன் பெட்டியைத் திறந்ததும் முதல் தந்தியைத் தடவிப் பார்த்தேன். விரல் நுனியில் பழுப்பாகத் துரு ஒட்டியது. வில்லைத் தளர்த்தாமலே வாரக்கணக்கில் வைத்திருந்தான். தந்தியை முறுக்கும் பிரடை இறுகிப்போய்த் திருப்பவே வரவில்லை. நாலு தந்தியில் ஒன்றும் சுருதியில் இல்லை. அந்த வயலினை நானே வாசித்தாலும் காது கூசும். அவனோ தன் கைக்கு வயலின் வராது என்று முடிவு கட்டிவிட்டான்.

கடலோரத்தில் இது நிறைய நடக்கிறது. உப்புக் காற்று எஃகுத் தந்தியை அரிக்கும். ஈரம் ஏறினால் வில்லின் முடி தொய்யும், பிரடை ஊதிப் பிடித்துக்கொள்ளும். மிருதங்கம் படிப்பவர்களுக்கும் இதே பாடுதான், தோல் ஈரத்தை இழுத்துச் சுருதி இறங்கிவிடும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் தந்தியைத் துடைத்து, வில்லைத் தளர்த்தி வையுங்கள். பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். துருப்பிடித்த தந்தியை யோசிக்காமல் மாற்றுங்கள். பிள்ளை சோம்பேறி என்று திட்டுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

வாத்தியம் சரியாக இருந்தும் மனசு விட்டுப்போகிற ஒரு கட்டம் உண்டு. என் வகுப்பில் பெரும்பாலும் அது ஜண்டை வரிசையில் வரும். ச ச ரி ரி என்று இரட்டை இரட்டையாக வாசிக்கும்போது இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. "முன்னாடி நல்லா வாசிச்சேன், இப்போ மோசமாயிட்டேன்" என்று கண் கலங்கச் சொல்வார்கள். உண்மையில் அவர்கள் மோசமாகவில்லை. அதற்கு முன்னால் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம் படித்தபோது ரிஷபம், அதாவது 'ரி', கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. காது வளர்ந்துவிட்டது, கை இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் முதல் மாதமே ஒவ்வொருவர் வாசிப்பையும் போனில் பதிந்து வைத்திருப்பேன். அந்தப் பையனுக்கும் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே, "இது நானா டீச்சர்? சுருதியே சேரலையே!" என்றான். அது அவனுக்கே கேட்டதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார் என்று நான் சொல்வதில்லை. போனில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு வரிசையை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பத்து நிமிஷம், ஆனால் தினமும். வேகமான மூன்றாம் காலத்துக்குத் தாவுகிறவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள்.

"நம்ம ஊர்ல வயலின் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று சில அப்பாக்கள் கேட்பார்கள். பாட்டில் ராம்நாடு கிருஷ்ணன், மிருதங்கத்தில் ராம்நாடு முருகபூபதி என்று நம் ஊர்ப் பெயரைச் சேர்த்தேதான் கச்சேரி உலகம் அவர்களை அழைத்தது. பிள்ளைகள் காதில் விழும்படியே இதைச் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்போது வீட்டில் கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் வகுப்புக்கு வராத பிள்ளையைக் கேட்டால், "பிடிக்கல" என்றுதான் சொல்லும். பீஸ் கட்ட முடியவில்லை என்று எந்தப் பிள்ளையும் வாய்திறந்து சொல்லாது. இந்தப் பக்கம் வாத்தியம் சொல்லிக்கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டார் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மார்ச் மாதமே பெற்றோரைக் கூப்பிட்டு, "பீஸை ஜூலையில பார்த்துக்கலாம், பிள்ளையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.