மேலே போகப் போகச் சன்னல் பெரிதாகும் கோபுரம்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், இப்ஸ்விச் நகருக்குச் சற்றுத் தெற்கே, ஆர்வெல் ஆற்றங்கரையில் ஆறு அடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று ஒல்லியாக நிற்கிறது. பெயர் ஃப்ரெஸ்டன் கோபுரம். மொத்தம் 26 சன்னல்கள். எதிரியைக் கண்காணிக்கக் கட்டியது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இத்தனை சன்னல் வைத்துக்கொண்டு யாரும் போருக்குப் போவதில்லை! தாமஸ் குடிங் என்ற இப்ஸ்விச் துணி வணிகர், ஆற்றையும் கப்பல்களையும் பார்த்து ரசிக்கவும் தன் செல்வத்தை ஊருக்குக் காட்டவும் கட்டியது என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது.

உச்சி அறையின் சன்னல்கள்தான் எல்லாவற்றிலும் பெரியவை. காட்சி அங்கேதான் நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். கட்டுமானக் கணக்கும் அதற்கு ஒத்துழைக்கிறது. அடிச்சுவர் மேலுள்ள மொத்த எடையையும் தாங்கவேண்டும். அங்கே பெரிய திறப்பு வைத்தால் சுவர் பலவீனமாகும். உச்சிச் சுவருக்கோ கூரையும் கைப்பிடிச் சுவரும்தான் சுமை. படிக்கட்டையும் மூலையில் தனிச் சிறு கோபுரமாக ஒதுக்கிவிட்டதால் ஒவ்வொரு மாடியும் முழு அறையாகக் கிடைக்கிறது.

சிவப்புச் சுவரில் நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில் வைரக்கட்டக் கோலம் ஓடுகிறது. அது சாயம் அல்ல. களிமண்ணில் உள்ள இரும்பு காற்றோட்டத்தில் வெந்தால் செங்கல் சிவக்கும். சூளையில் தீக்கு மிக அருகே இருந்த செங்கல்லின் முனையிலோ, விறகுச் சாம்பலின் பொட்டாசியம் மண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து உருகி, கண்ணாடிப் பூச்சாகப் படியும். வீணாகப் போயிருக்க வேண்டிய அந்தச் செங்கற்களைக் கொத்தனார்கள் பொறுக்கியெடுத்து, கருகிய முனை வெளியே தெரியும்படி அடுக்கிக் கோலமாக்கினார்கள்.

சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடைப்பது அரிது. அதனால் சன்னல் சட்டங்களையும் செங்கல்லிலேயே செய்து, சுண்ணாம்பு பூசிக் கல்போலக் காட்டினார்கள். பணக்காரர் வீட்டிலும் இப்படிக் கொஞ்சம் பாசாங்கு!

சுண்ணாம்புக் காரை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மெல்ல மெல்ல இறுகும். சிமென்ட் அளவு கெட்டியாகாது. ஆற்றங்கரை மண் சற்று அமுங்கினாலும், அந்த அசைவைச் செங்கல்லுக்கு விடாமல் காரையே வாங்கிக்கொள்ளும்.

அப்புறம், எலன் என்ற பெண் மாடிக்கொரு பாடம் படித்த இடம் இது என்றொரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டுக் கற்பனை. கதை நடந்ததாகச் சொல்லும் 15ஆம் நூற்றாண்டில் கோபுரமே இல்லை. உத்தரங்களின் மர வளையங்களை ஆராய்ந்ததில் கிடைத்த காலம் 1578-79.