கோல்ஃப் கிரீனில் புல் மெலிகிறதா? உர மூட்டையைப் பிரிக்கும் முன் மரத்தைப் பாருங்கள்

பார்க்லேண்ட் வகை கோல்ஃப் திடலில் முதலில் கண்ணில் படுவது மரங்கள்தான். ஃபேர்வேயின் (பந்தை அடித்துச் செல்லும் புல்வெளிப் பாதை) இருபுறமும் ஓக், மேப்பிள், பைன் என்று வளர்ந்து நிற்கும். அங்கே ஒரு கிரீனில் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பகுதி) ஒரு பக்கம் மட்டும் புல் மெலிந்து பாசி பிடித்தால், பெரும்பாலும் நிழல்தான் காரணம். அதற்கு நைட்ரஜனைக் கூட்டிப் போடுவது வீண் வேலை. இலை கொழுக்கும், வேர் இன்னும் குட்டையாகும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா போல 40 பாகை வடக்கில், கிரீனுக்குத் தெற்கே 20 மீட்டர் உயர மரம் ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். ஜூன் நண்பகலில் அதன் நிழல் சுமார் 6 மீட்டர். டிசம்பர் நண்பகலில் 40 மீட்டர்! அது ஸ்ப்ரூஸ் போல இலை உதிர்க்காத மரம் என்றால் குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டி உருகாமல் கிடக்கும். வசந்தத்தில் அந்த இடத்துப் புல் மட்டும் செத்துப்போயிருக்கும்.

கிழக்கே நிற்கும் மரம் இதைவிட மோசம். காலை வெயில் படாவிட்டால் பனி ஈரம் காயாது, பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கிரீனில் பென்ட்கிராஸ் புல்லை ஏறக்குறைய 3 மி.மீ. உயரத்தில் வெட்டுகிறோம்; அவ்வளவு சிறிய இலைக்கு 6 முதல் 8 மணி நேர நேர்வெயில் தேவை. மேற்கு மரத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கலாம்.

மரத்தை எடுத்தால் ஆட்டம் எளிதாகிவிடும் என்பார்கள். பிட்ஸ்பர்க் அருகிலுள்ள ஓக்மான்ட் திடலைப் பாருங்கள். ஹென்றி ஃபவுன்ஸ் 1903-இல் திறந்தவெளியாக அமைத்த திடல் அது; பிற்பாடு அழகுக்காக ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள். 1990-களில் வெட்டத் தொடங்கினார்கள். பெருமளவு வெட்டி முடித்தபின் 2007-இல் அங்கே யுஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்தது. வென்ற ஆங்கெல் கப்ரேராவின் கணக்கே பாருக்கு (வகுத்த அடிகளின் எண்ணிக்கை) மேல் 5, அதாவது வென்றவருக்கே 5 அடி கூடுதல்! ஆட்டம் கடினமாக இருக்கச் சரிவும் வேகமான கிரீனும் இருந்தால் போதும். பங்கருக்கு (மணல்குழி) முன்னால் மரம் நடுவது எங்கள் பார்வையில் சோம்பேறி வடிவமைப்பு. ஒரே தவறுக்கு இரட்டைத் தண்டனை, மீட்டு அடிக்கும் சாமர்த்தியத்துக்கு வழியே இல்லை.

வெட்டும் முன் கைபேசிச் செயலியில் சூரியப் பாதையைப் பாருங்கள். ஜூன், டிசம்பர் இரண்டும் வேண்டும். சில இடங்களில் தாழ்ந்த கிளைகளைக் கழித்தாலே காற்று வந்துவிடும். வெயில் சரியாக இருந்தும் ஓரப் புல் வாடினால் மரவேரைச் சந்தேகியுங்கள். கிரீனின் 30 செ.மீ. மணல் கலவையில் எப்போதும் ஈரம் இருப்பதால் வேர் அங்கே தேடி வரும். கிரீன் ஓரத்தில் இரண்டு, மூன்றடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வேரைத் துண்டித்துத் தடுப்புத் தாள் இறக்குங்கள். மரத்தடிக்கு மிக அருகே வெட்டினால் காற்றில் மரமே சாயும்.

அடிமரத்தை அரைத்தபின் அந்தத் தூளையே குழியில் தள்ளி மூடுவது வழக்கமான தவறு. அது மக்கும்போது மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், மேலே விதைத்த புல் மஞ்சளாகும், நாளடைவில் தரையும் உள்வாங்கும். தூளை முழுக்க அள்ளிவிட்டு, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு அடியுங்கள்.