வால் ஆட்டாத நாய்க்கு வால் ஆட்டும் பொம்மை

நாய், பூனை தத்தெடுக்கும் ஆப்பின் முதல் பதிப்பை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் மாமாவிடம்தான் முதலில் கொடுத்துப் பார்த்தேன். முப்பது வருஷம் விசைப்படகில் போய்வந்தவர், ஒரு நாள்கூடக் கடலில் வாந்தி எடுத்ததில்லை. நாலு நாய்ப் படங்களைத் தள்ளியிருப்பார், போனைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன மாப்ள, பொட்டிக்குள்ள கடல வச்சிருக்கியா?"

பின்னணி ஒரு வேகத்தில், நாயின் படம் வேறொரு வேகத்தில் நகரும் பாரலாக்ஸ் அது, நான் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து செய்து பெருமைப்பட்ட இடம். படகின் உள்ளறையில் இருந்தால் ஆட்டம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, ரெண்டும் முரண்படுவதால் தலை சுற்றுகிறது. போனில் நேர்மாறு: கண் நகர்கிறது என்கிறது, உடம்பு திண்ணையில் சும்மா இருக்கிறது. 2013-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வந்தபோதும் அதன் ஜூம் அசைவுகளால் குமட்டுகிறது என்று நிறையப் பேர் சொன்னார்கள், எனக்கு அது தெரியும், தெரிந்தும் செய்தேன்.

அசைவு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போனிலேயே வழி இருக்கிறது. ஐபோனில் ‘ரெட்யூஸ் மோஷன்’, ஆண்ட்ராய்டில் ‘ரிமூவ் அனிமேஷன்ஸ்’. ஆப் செய்கிறவர்கள் அந்த அமைப்பைக் கேட்டுப் பார்த்து அதன்படி நடக்க வேண்டும், இணையதளம் என்றால் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அதற்கென்றே ‘பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்’ உண்டு. ஆனால் மாமாவுக்கு அப்படி ஒரு அமைப்பு இருப்பதே தெரியாது. அதனால் எல்லோருக்குமே குறைத்துவிட்டேன். இப்போது ஒரு நாயின் படமும் விவரமும் இருக்கும் அட்டை திறக்க கால் நொடி, எட்டு பிக்சல் மேலே எழும்பி மெல்லத் தெளியும், அவ்வளவுதான். நகர்வையும் ஒளிபுகும் அளவையும் மட்டும் மாற்றினால் விலை குறைந்த போனும் திணறாது, அகலம் உயரம் என்று மாற்றப் போனால் பக்கத்தை ஒவ்வொரு முறையும் அது திரும்ப அடுக்க வேண்டிவரும். தானாக ஓடும் வீடியோ ஐந்து நொடிக்கு மேல் போனால் நிறுத்த ஒரு பொத்தான் கட்டாயம்.

இதெல்லாம் சரிசெய்துவிடக்கூடிய தப்பு. பெரிய தப்பு வேறு.

ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் வால் ஆட்டும் பொம்மை நாய் ஒன்று வைத்திருந்தேன், அழகாகத்தான் இருந்தது. பாம்பனிலிருந்து ஒரு குடும்பம் செவலைப் பெட்டை ஒன்றை எடுத்துப் போனார்கள். படத்தில் அது காதை மடக்கி, வாலைப் பின்னங்காலுக்குள் செருகிக்கொண்டு நின்றது, பயந்த நாய் என்று பார்த்தாலே தெரியும். ஆனால் பார்க்கிறவர் கண் போனது பொம்மைக்குத்தான். வீட்டுக்குப் போன நாய் மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது, ஐந்தாம் நாள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். "ஆப்புல நல்லா விளையாடுச்சேண்ணே" என்றான் அந்த வீட்டுப் பையன். விளையாடியது நான் வரைந்த நாய். (நிஜ நாயே விறைப்பாக வாலை உயர்த்தி ஆட்டினால் அது நட்பு இல்லை, அது தனிக்கதை.)

பொம்மையை அன்றைக்கே எடுத்தேன். அந்த இடத்தில் இப்போது ரெண்டு வரி: இந்த நாய் புது ஆளைக் கண்டால் ஒளியும், முதல் சில நாள் சரியாகச் சாப்பிடாமல்கூட இருக்கலாம். தடுப்பூசி விவரமும் அசையாமல் அங்கேயே இருக்கிறது, குட்டி என்றால் எட்டு வாரம் முடியாமல் தாயிடமிருந்து பிரிப்பதில்லை என்பதும்.

அவசரப்படுத்துகிற எதுவும் வேண்டாம் என்பதில் எங்கள் சின்னக் குழு பிடிவாதமாக இருக்கிறது. "இன்னும் ரெண்டே குட்டிகள்" என்று துடிக்கும் சிவப்புப் பட்டை, பொத்தானைத் தொட்டதும் வெடிக்கும் இதயங்கள், இதெல்லாம் சட்டை விற்கச் சரி. எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு போகாது, கரையில் மீன் கழிவு குறையும், அதை நம்பி வாழ்ந்த நாய்கள் எலும்பும் தோலுமாகத் தெருவுக்குள் வரும். அந்த ரெண்டு மாதம்தான் எங்களுக்கு விண்ணப்பம் குவியும், பரிதாபம் நிஜம்தான், ஆனால் படகு கிளம்பிய பிறகு அதே வீட்டில் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்குமா என்று யாரும் யோசித்திருப்பதில்லை. அதனால் விண்ணப்பம் அனுப்பினால் உடனே போகாது. "வீட்டில் எல்லோரிடமும் பேசுங்கள், நாளைக் காலையில் ஒரு தடவை உறுதி சொல்லுங்கள்" என்று ஒரு வெள்ளைத் திரை மட்டும் வரும். ராத்திரி ஆசைப்பட்டுக் காலையில் சத்தமில்லாமல் விலகுகிறவர்கள் உண்டு, அதுவும் நல்லதே, நாய் ஒரு அலைச்சலிலிருந்து தப்பித்தது.

புதுப் பதிப்பை மாமாவிடம் மறுபடி கொடுத்தேன். பத்து நிமிஷம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இப்ப ஒண்ணுமே ஆடலையே மாப்ள, வேலை செய்யுதா இது?" செய்கிறது என்றேன். செவலை அட்டையில் வந்து நின்றிருந்தார், அந்த ரெண்டு வரியை வாய்விட்டு ஒருமுறை படித்தார்.