பழைய ஏட்டை போட்டோ எடுத்து கட்டுரைல போடலாமா? காப்பிரைட் சட்டம் என்ன சொல்லுது

கணக்கு வரலாறு, அறிவியல் வரலாறுன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு எப்பவாவது இந்த குழப்பம் வந்தே தீரும், லைப்ரரில ஒரு ஏடோ கையெழுத்து நோட்டோ கைல கிடைச்சுடும், ஆனா அத அச்சுல போடலாமா கூடாதான்னு தெரியாது. பாதி பேர் பழசு தானே யார் கேக்கப்போறாங்கன்னு போட்டுடறாங்க, மீதி பேர் பயந்து விட்டுடறாங்க. 1957 காப்பிரைட் சட்டத்துலயே இதுக்கு வழி இருக்கு.

இந்தியால எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்பிரைட். ஆனா இறந்த நாள்ல இருந்து எண்ணக்கூடாது, அடுத்து வர்ற ஜனவரி 1ல இருந்து எண்ணணும். இயற்பியல் விஞ்ஞானி மேக்நாத் சாகா 1956 பிப்ரவரில இறந்தார், அதனால அவர் இருக்கும்போதே வெளிவந்த எழுத்துக்கு 2016 டிசம்பரோட முடிஞ்சுது. சி.வி.ராமன் இறந்தது 1970 நவம்பர், அப்போ 2030 முடியற வரைக்கும் பொறுக்கணும். எழுதினவர் இறந்தப்புறம் தான் முதல்ல அச்சாச்சுன்னா கணக்கே வேற, அச்சான வருஷத்த வச்சு 60.

அச்சே ஆகாத கடிதம், நோட்டு? அதுக்கு 52வது பிரிவுல தனியா விலக்கு இருக்கு, பொதுமக்கள் போய் பாக்கக்கூடிய லைப்ரரி, மியூசியத்துல இருந்தா ஆராய்ச்சிக்கோ வெளியிடறதுக்கோ காப்பி எடுக்கலாம், எழுதினவர் யாருன்னு அந்த லைப்ரரிக்கு தெரியும்னா மட்டும் அவர் இறந்து 60 வருஷம் தாண்டியிருக்கணும். இது நிறைய பேருக்கு தெரியாது.

நம்மாளுங்க அதிகமா மாட்டறது பதிப்புல தான். கணக்கதிகாரம்ங்கற பழைய தமிழ் கணக்கு நூலோட மூலப்பாட்டு யாருக்கும் சொந்தமில்ல, அதுல வர்ற பின்னங்கள், மா-ன்னா 1/20, காணின்னா 1/80, இதெல்லாம் ஏட்டுலயே இருக்கு. ஆனா போன நூற்றாண்டுல ஒருத்தர் அத பதிப்பிச்சு உரை எழுதி, பின்னத்துக்கெல்லாம் அட்டவணை போட்டிருப்பார் பாருங்க, அந்த உரையும் அட்டவணையும் அவரோட உழைப்பு, அவர் இறந்து 60 ஆகலைன்னா முழுசா தூக்கிப் போட முடியாது. விமர்சனத்துக்கு நாலு வரி எடுத்து பேர் சொல்லி போட்டா பிரச்சனையில்ல.

சட்டம் இடம் கொடுத்தாலும் லைப்ரரி விடணும்னு கட்டாயம் இல்லங்க. ஏடு அவங்க கைல இருக்கு, போட்டோ கூடாது, ஃப்ளாஷ் கூடாது, ஃபார்ம் நிரப்புன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை உண்டு, அங்க போய் 52வது பிரிவ காட்டி சண்டை போட்டா கட்டு திரும்ப பீரோக்குள்ள தான் போகும் (எனக்கு நடந்திருக்கு).

உங்க வீட்டு பரண்லயே ஏடு கிடைச்சா இன்னொண்ணும் கவனிங்க. வரலாற்று, அறிவியல் மதிப்புள்ள சுவடி 75 வருஷத்துக்கு மேல பழசுன்னா 1972 தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பினா குற்றம், ஜெயில் வரைக்கும் போகும். வெளிநாட்டு புரொஃபசர் கேட்டார்னு பார்சல் கட்டாதீங்க, ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பிடுங்க.