பால்மா டின்னில் நாலு விரல்

சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். நல்லதண்ணிப் பாதையில் விளக்குகள் அணைந்து கடைகளும் மூடியதும், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துச் சனங்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். வெயில் நீண்ட வருடங்களில் அந்த நேரம் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடக்கும். மவுசாக்கலையில் தண்ணீர் நன்றாக இறங்கினால், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் அதே கரையில் நிற்கவும் இடம் இருக்காது.

"இந்த வருசம் மழை எப்படி?" மே மாதம் பிறந்தால் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களுக்குப் பின்னால் உள்ள மண்மேடுகளைப் பார்ப்பதும், மண்சரிவைப் பற்றித் தோட்டத்து மக்களோடு பேசுவதும்தான் பன்னிரண்டு வருடமாக என் வேலை. அதனால் கேட்கிறார்கள். பதில் சொல்ல முன்பு, வானிலை எதிர்வுகூறல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் மூன்று மாத எதிர்வுகூறல், மழை சராசரிக்கு மேலா, சராசரி அளவா, குறைவா, எதற்கு வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே சொல்லும். "சராசரி" என்று கேட்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். வட்டவளையில் சராசரி என்றால் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல். அதே மாவட்டத்தில் இருக்கும் நுவரெலியா நகருக்கு அதில் பாதிகூட இல்லை. மலை தாண்டி வெலிமடை, பதுளைப் பக்கம் போனால் அதே காற்று ஈரத்தை இழந்து காய்ந்த கச்சான் காற்றாக வீசும். ஆக யாருடைய சராசரி என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது, மொத்தக் கணக்கு. மூன்று மாத மழை குறைவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதில் பெரும் பங்கு இரண்டே இரவில் பெய்தால் மலை தாங்குமா? பருவமழை வழக்கமாக மே கடைசியில்தான் ஊன்றும். அதற்கு முன்பே வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் போதும். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்க, சாமசர மலை சரிந்தது அப்படி வந்த மழையில். அடுத்த வருடமும் மே மாதக் கடைசியில்தான் இரத்தினபுரி, களுத்துறைப் பக்கங்களில் வெள்ளமும் சரிவும். "சீசன் இன்னும் தொடங்கவில்லை" என்று மே மாதத்தை லேசாக எடுத்துக்கொள்வது எனக்குப் பெரிய பயம்.

ஒரு லயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கடைசிக் காம்பராவில் இருக்கும் ஓர் அம்மா, வயது அறுபதைத் தாண்டியவர். இடம் போதாமல் பின்னால் மேட்டை வெட்டி அடுப்படி கட்டியிருந்தார்கள். சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான். "மழை கூடினால் பின்பக்கம் படுக்காதீங்க அம்மா" என்றேன். "நாங்க பாக்காத மழையா தம்பி?" என்று சிரித்தார். அப்புறம் அவராகவே அடுப்புக்குப் பக்கத்தில் தரையைக் காட்டினார். சிமெந்தில் ஒரு வெடிப்பு. "போன மாசம் இதுல அஞ்சு ரூவாக் குத்தி நிக்காது தம்பி. இப்ப உள்ள போயிருது."

என் கையில் இருந்த எந்தப் படிவத்திலும் அப்படி ஒரு அளவு இல்லை. ஆனால் வெடிப்பு அகலமாகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. அன்றே பேனையால் வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, திகதியோடு சுவரில் எழுதிவிட்டு வந்தேன்.

மழையையும் அப்படி வீட்டிலேயே அளக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போது பார்க்கும் அளவுகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு வாரியாகத்தான் வரும். உங்கள் மேட்டில் பெய்வது பக்கத்து டிவிசனில் பெய்யாமல் இருக்கலாம்.

பிள்ளைகளின் பால்மா வரும் பெரிய டின் ஒன்றை எடுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெட்ட வெளியில், ஒரு கம்பில் நேராகக் கட்டுங்கள். காலை எட்டரைக்கு ஒரு குச்சியை நிறுத்தி நனைந்த உயரத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள். அடிமட்டம் இல்லையென்றால் கை இருக்கிறது. நாலு விரல்களைச் சேர்த்து வைத்த அகலம் கிட்டத்தட்ட 75 மில்லிமீற்றர். நாலு விரல் வந்தால் விழித்திருங்கள். ஆறு விரலை நெருங்கினால் மூட்டையைக் கட்டுங்கள். எட்டு விரல் வரும்வரை வீட்டில் இருக்க வேண்டாம். மழை விடாமல் கொட்டினால் காலை வரை காத்திருக்காமல் மணிக்கொரு தடவை பாருங்கள்; ஒரே மணித்தியாலத்தில் நாலு விரல் ஏறினால் அதுவும் சிவப்புதான், வெளியேறுங்கள். முதல் நாள் மழையை மண் குடித்துவிடும். மூன்றாம் நாள் அதற்கு இடம் இருக்காது, அப்போது குறைந்த மழையே போதும்.

அளவு எதுவாக இருந்தாலும் சில அடையாளங்கள் தெரிந்தால் உடனே கிளம்ப வேண்டும். வழக்கமாகச் சாத்தும் கதவு நிலையில் இறுகும். மேட்டில் இருக்கும் மரம் அல்லது லைட் கம்பம் சாயும். புதிதாக ஓர் ஊற்று கிளம்பும், அல்லது தெளிவான பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடைத் தண்ணீர் குறைந்தால் அதுதான் மிக மோசம். மேலே மண் விழுந்து அடைத்திருக்கலாம், அது உடைந்தால் மொத்தமாக வரும். பகல் வெளிச்சத்திலேயே போய்விடுங்கள். 117க்கு அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

போக இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தவில் லயன்கள் புதைந்தபோது, அங்கே அபாயம் இருப்பது முன்பே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டுக் காணியும் வீடும் கொடுக்காமல் விட்டால் மக்கள் எங்கே போவார்கள்? இதைக் கூட்டங்களில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் வீடு வரும்வரை மழை நிற்காது. அதனால் கோயில், பாடசாலை, பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), மேட்டிலிருந்து தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீடு என்று ஓரிடத்தை இப்போதே பேசி வையுங்கள். நடக்க முடியாத பெரியவரை யார் தூக்குவது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அந்த அம்மா வீட்டுக்குப் போன வாரம் போனேன். டின் வேலிக் கம்பில் இருக்கிறது. பேத்தி நகப்பூச்சால் குச்சியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறாள். படுக்கையை முன் அறைக்கு மாற்றியாகிவிட்டது. சுவரில் நான் எழுதியதற்குக் கீழே இன்னும் இரண்டு திகதிகள். மேட்டுக்கு மேலே ஓடும் மழைத்தண்ணீர்க் கான் மட்டும் மண் மூடிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அதைத் தோண்டப் போகிறோம், பன்னிரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.